ஐம்பத்தேழில் நினைத்த பதினேழு

நிக்கோலஸ் ஸ்பார்க்ஸ் என்னும் அமெரிக்க நாவலாசிரியரின் பெயரை நான்கு இலக்கிய நண்பர்கள் கூடியிருக்கும் இடத்தில் பிரஸ்தாபித்துப் பாருங்கள். இருவர் முகத்தைச் சுளிப்பார்கள், மற்ற இருவர் சுளிப்பதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, தாங்கள் அவர் கதையைப் படித்து அழுத இரவை மனசுக்குள் ஞாபகப்படுத்திக்கொள்வார்கள். காதல், பிரிவு, கடற்கரை, கடிதம், மரணம் என்கிற ஐந்து சரக்குகளை வைத்துக்கொண்டே ஆயுள் முழுவதும் வியாபாரம் நடத்துகிறவர் என்று அவர்மேல் சாட்டப்படும் குற்றத்தை நானும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 1999-ல் அவர் வெளியிட்ட 'எ வாக் டு ரிமெம்பர்' என்ற சிறு நாவலை மட்டும் அந்த வரிசையிலிருந்து தனியே எடுத்துவைத்துப் பேச வேண்டும் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். வியாதிக்காரப் பெண்ணும் விவரமறியாப் பையனும் வரும் கதைகள் உலகத்தில் எத்தனையோ உண்டு. ஆனால் அந்தக் கதையைச் சொல்லுகிறவர் யார், எந்த வயதில் எந்த வயதைச் சொல்லுகிறார் என்பதில்தான் இந்த நாவலின் ஜீவன் இருக்கிறது.

சொல்லுகிறவர் லாண்டன் கார்ட்டர், பிராயம் 57. தாம் பிறந்து வளர்ந்த சிறு பட்டணத்தின் தெருவில், ஒரு தேவாலயத்துக்கு எதிரே வந்து நிற்கிறார், கண்ணை மூடுகிறார், நாற்பது வருஷம் பின்னோக்கி ஓடி, நரைத்த தலை கறுத்து, அவர் பதினேழு வயதுப் பையனாகிவிடுகிறார். முதலில் உங்களைச் சிரிக்க வைப்பேன், பிறகு அழவைப்பேன் என்று வாசகனுக்கு முன்னறிவிப்பும் கொடுத்துவிடுகிறார். இதை மலிவான தந்திரம் என்று சொல்லுகிற விமரிசகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதையின் முடிவை ஒளித்து வைத்துக் கடைசியில் வாசகன் தலையில் போடுகிறவனைக் காட்டிலும், ஆரம்பத்திலேயே எல்லாம் தெரிந்தவனாக வந்து உட்கார்ந்து, தெரிந்த துக்கத்தை நிதானமாகச் சொல்லுகிற கிழவனை நான் அதிகம் நம்புகிறேன். பதினேழு வயதில் செய்த அசட்டுத்தனங்களை ஐம்பத்தேழு வயது மன்னித்துக்கொண்டே சொல்லுகிற அந்தத் தொனிதான், இந்தப் புத்தகத்தைச் சாதாரண அழுகைக் கதையாகாமல் காப்பாற்றுகிறது.

ஊர் போஃபர்ட். வட கரோலினா மாநிலத்தின் கடலோரத்தில், 1709-ல் ஏற்பட்ட, அந்த மாநிலத்தின் மிகப் பழைய பட்டணங்களில் ஒன்று. 1718-ல் பிளாக்பியர்ட் என்ற பெயர்பெற்ற கடற்கொள்ளைக்காரனின் கப்பல் தரைதட்டி நின்றுபோனது அதன் முகத்துவாரத்தில்தான் என்று சரித்திரம் சொல்லுகிறது. கதை நடப்பது 1958-ல். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த, ஞாயிற்றுக்கிழமை எவன் சர்ச்சுக்கு வரவில்லை என்பதைக்கூடப் பத்துப் பேர் கவனிக்கிற, அப்படிப்பட்ட ஊர். பையன்கள் இரவில் வீட்டுக்குத் தெரியாமல் வெளியேறி, கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து வேகவைத்த வேர்க்கடலை தின்பார்கள். பாதிரியார் அந்தப் பக்கம் வந்தால் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எழுதக் கூசும் ஒரு பட்டத்தைச் சூட்டிக் கத்துவார்கள். (அமெரிக்காவின் தென்பிரதேசத்தார் நம்மைப் போலவே பச்சை வேர்க்கடலையை உப்புப் போட்டு வேகவைத்துத் தின்கிறவர்கள் என்பதை முதன்முதலாக நான் அறிந்துகொண்டது இந்த நாவலில்தான், அதற்குப் பிறகு அந்த ஊர் எனக்கு அந்நியமாகப் படவேயில்லை.)

லாண்டனின் தகப்பனார் அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் அங்கத்தினர். வாஷிங்டனிலேயே காலம் தள்ளுகிறவர். மகனுக்கு அவர் தூரத்து உறவினர் மாதிரி. பாட்டனார் கள்ளச்சாராயம் முதலிய கௌரவக் குறைவான வழிகளில் பணம் சேர்த்தவர். அந்தப் பாட்டனாரிடம் ஒரு காலத்தில் வேலை பார்த்து, அவருடைய போக்குப் பிடிக்காமல் விலகி, பாதிரியாரானவர் ஹெக்பர்ட் சல்லிவன். கார்ட்டர் குடும்பத்தின்மேல் அவருக்குள்ள வெறுப்பு இப்படிப் பரம்பரைச் சொத்தாக வந்தது. அவர் காலங்கடந்து விவாகம் செய்துகொண்டவர். மனைவி பல கருச்சிதைவுகளுக்குப் பிறகு ஒரு பெண்ணைப் பெற்றுக் கொடுத்துவிட்டுப் பிரசவத்திலேயே கண்ணை மூடினாள். அந்தப் பெண்தான் ஜேமி. பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை, கட்டம் போட்ட பாவாடை, பின்னால் இறுக்கிக் கட்டிய கொண்டை, கையில் எந்நேரமும் தாயார் விட்டுச் சென்ற பைபிள்: இதுதான் அவள் தோற்றம். அனாதைக் குழந்தைகளிடம் போவாள். அடிபட்ட பிராணியைக் கண்டால் நின்றுவிடுவாள். எது நடந்தாலும் கடவுள் சித்தம் என்பாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவள் ஒரு பரிகாசப் பொருள். இதில் ஆசிரியர் செய்திருக்கும் நல்ல காரியம், லாண்டனையும் அந்தப் பரிகாசக் கூட்டத்திலேயே நிறுத்தியிருப்பதுதான். அவன் ஜேமியைக் கண்டு மயங்குகிறவன் அல்ல. அவளோடு நடந்து போவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவன்.

தகப்பனாரின் வற்புறுத்தலுக்காக மாணவர் சங்கத் தலைவர் தேர்தலில் நின்று ஜயித்துவிடுகிறான். தலைவன் பள்ளி நடன விருந்துக்குத் துணையோடு வர வேண்டும் என்பது சம்பிரதாயம். துணைக்கு ஆள் கிடைக்கவில்லை. பள்ளி ஆண்டு மலரைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, இன்னும் எவரும் அழைக்காத பெண் யார் என்று தேடுகிறான், அகப்பட்டவள் ஜேமி. அவள் வருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை விதிக்கிறாள்: தன்மேல் காதல் கொள்ளக் கூடாது என்று சத்தியம் செய்ய வேண்டும். பையன் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு சத்தியம் செய்கிறான். விருந்தன்று, முன்பு அவனோடு பழகிக்கொண்டிருந்த ஏஞ்சலா என்ற பெண் குடித்துவிட்டுக் குளியலறையில் வாந்தி எடுக்கிறாள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர, ஜேமி உட்கார்ந்து அவள் முகத்தைத் துடைத்துத் தரையையும் கழுவிவிடுகிறாள். நாவலின் பிற்பகுதிக் கண்ணீர் அத்தனையையும் ஒரு தட்டிலும் இந்த ஒரு சம்பவத்தை மறு தட்டிலும் வைத்தால், எனக்கு இதுதான் கனமாக இருக்கும்.

பிறகு நாடகம் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு வருஷந்தோறும் அரங்கேறும் 'தி கிறிஸ்துமஸ் ஏஞ்சல்' என்ற அந்த நாடகத்தை எழுதியவர் ஜேமியின் தகப்பனார்தான். எழுதிய காரணம் வெகு ரசமானது. அதுவரை டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையைத்தான் நடித்துக்கொண்டிருந்தார்களாம்; அதில் வருகிற ஆவிகள் கடவுளால் அனுப்பப்பட்டவை என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று பாதிரியார் ஆட்சேபித்து, தாமே ஒன்று எழுதிவிட்டார்! மனைவியை இழந்த ஒரு தகப்பன், கிறிஸ்துமஸ் இரவில் தன் சிறு பெண்ணுக்குப் பரிசு தேடி அலைகையில் தேவதையொன்றைச் சந்திக்கிறான் என்பது அதன் கதை. ஹெக்பர்ட் தம் சொந்தத் துக்கத்தையே அதில் போட்டு வைத்திருக்கிறார் என்பது வாசகனுக்குத் தெரியும். ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். ஜேமியின் வேண்டுகோளுக்காக வேண்டா வெறுப்பாகக் கதாநாயக வேஷத்துக்குச் சம்மதித்த லாண்டன், வெள்ளை உடையில் கூந்தலை அவிழ்த்துவிட்டுத் தேவதையாக மேடைக்கு வரும் ஜேமியைப் பார்த்து, மனப்பாடம் செய்திருந்த வசனத்தை முதன்முதலாக அர்த்தத்தோடு சொல்லுகிறான். அந்த இடத்தில் பையன் மறைந்து வாலிபன் பிறக்கிறான்.

கிறிஸ்துமஸ் முன்னிரவை இருவரும் அனாதை விடுதியில் கழிக்கிறார்கள். அங்கே அவள் தன் தாயாரின் பைபிளை அவனுக்குப் பரிசாகக் கொடுக்கிறாள். ஜனவரியில், தனக்கு ரத்தப் புற்றுநோய் என்றும், அது கோடைக்காலத்திலேயே தெரிந்துவிட்டதென்றும், வைத்தியர்களால் ஒன்றும் செய்ய முடியாதென்றும் சொல்லுகிறாள். முதலில் கேட்ட அந்தச் சத்தியத்தின் பொருள் அப்போதுதான் பையனுக்குப் புரிகிறது.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்திவிட்டு, அந்த 1958 என்ற வருஷத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் எனக்கு மேலே போக மனம் வரவில்லை. ஏனெனில் ஜேமியின் வியாதியை உண்மையாக்குவது அந்த வருஷந்தான். அதற்குச் சரியாகப் பத்து வருஷத்துக்கு முன்னால், 1948-ஆம் வருஷத்து ஜூன் மாதத்தில், பாஸ்டன் நகரத்து சிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரத்தப் புற்றுநோய் கண்ட பதினாறு குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற புதிய மருந்தைக் கொடுத்ததில் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது என்பது அதன் சாராம்சம். அதுவரை இந்த வியாதிக்கு வைத்தியம் என்று ஒன்று இருந்ததேயில்லை. தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் உலகத்தில் முதன்முதலாக அது ஓரடி பின்வாங்கியிருந்தது.

அந்த மருந்துக்கும் நம் சென்னைக்கும் சம்பந்தம் உண்டு. அதைத் தயாரித்துக் கொடுத்தது லெடர்லி ஆராய்ச்சிச் சாலை. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். ஒத்துழையாமைக் காலத்தில் கதராடை உடுத்தி அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த பட்டத்தோடு வெளியே வந்தவர் என்று அவர் சரித்திரத்தில் சொல்லுவார்கள். சகோதரர்கள் இருவரை ஸ்புரூ என்னும் வயிற்று நோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தோடு 1923-ல் அமெரிக்கா போனார். அந்த நோய்க்குப் பரிகாரமான ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழுவினர் பின்னாளில் ஆராய்ச்சிச் சாலையில் செய்து காட்டினார்கள். அதே அமிலத்தின் வேலையைத் தடுக்கும்படி அதன் உருவைச் சற்றே மாற்றியமைத்ததுதான் ஃபார்பர் கையாண்ட மருந்து. கட்டுரை வெளியான சில வாரங்களில், அந்த ஆகஸ்டு மாதமே, சுப்பாராவ் காலமானார். நாவலுக்கு இவரோடு யாதொரு சம்பந்தமும் இல்லை. ஸ்பார்க்ஸ் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவும் வேண்டியதில்லை. ஆயினும் ஜேமியின் வைத்தியர்கள் கையை விரித்தார்கள் என்று படிக்கிறபோதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வருகிறது.

1953-ல் இன்னொரு மருந்து வந்தது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை அதற்கும் பின்னால் வந்தது. மெம்ஃபிஸ் நகரத்தில் செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது 1962-ல். அங்கே டொனால்டு பிங்கெல் என்பவர், குழந்தைகளுக்கு அதிகமாக வருகிற வகை ரத்தப் புற்றுநோயில் பாதிப் பேரைப் பிழைக்க வைக்கலாம் என்று அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய சிகிச்சையால் நிரூபித்தார். இன்று செல்வ நாடுகளில் அந்த வகை நோய் கண்ட பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஜேமி பத்துப் பன்னிரண்டு வருஷம் தவறிப் பிறந்தவள். அவளுக்கு வந்தது எந்த வகை என்று நாவல் விஸ்தரிப்பதில்லை. எந்த வகையானாலும் 1958-ல் தீர்ப்பு ஒன்றுதான்.

இன்னொரு விஷயம். 1961-ல் டொனால்டு ஓக்கன் என்பவர் சிகாகோ வைத்தியர்களிடம் விசாரித்துப் பார்த்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர், புற்றுநோய் கண்டவரிடம் அதைச் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். நோயாளிக்குத் தெரியாமல் கணவனிடமோ தகப்பனிடமோ சொல்லி, எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பொய்யை வளர்ப்பது அக்காலத்து வழக்கம். (நம் வீடுகளில் அது இன்றைக்கும் வழக்கந்தான், கதவுக்கு வெளியே ரகசியம் பேசாத ஆஸ்பத்திரி எது?) ஸ்பார்க்ஸ் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியிருக்கிறார். நோயாளிப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும், ஊருக்குத்தான் தெரியாது. மற்றவர்களைப் போல் கடைசி வருஷப் படிப்பை முடிக்க வேண்டும் என்பதற்காக அவளே அந்த ரகசியத்தைக் காத்து வைத்திருக்கிறாள். சாவைப் பற்றிய அறிவு அவளிடம் இருப்பதால் அவள் பரிதாபத்துக்குரியவளாக இல்லாமல் பெரியவளாகிவிடுகிறாள். பையன்தான் சிறு பிள்ளை. காலத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கதைக்கு வெகுவாகப் பொருந்துகிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது, வியாதியின் அசிங்கம் இந்தப் புத்தகத்தில் இல்லை. காய்ச்சல், எலும்புக்குள் குடைகிற வலி, ஈறில் கசிகிற ரத்தம், உடம்பெங்கும் நீலம் பாரித்த தழும்பு, இவை எல்லாம் வாக்கியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஜேமி மெலிகிறாள், வெளுக்கிறாள், அழகாகவே இருக்கிறாள். க்ஷயரோகம் கண்ட கதாநாயகிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆசிரியர்கள் எப்படி மெருகு போட்டுச் சாகடித்தார்களோ, அதே சம்பிரதாயம். ஆஸ்பத்திரியில் ஒரு இரவாவது நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த மெருகு சற்றுக் கூசும்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. கதை நடப்பது வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் படித்த காலத்துத் தென்மாநிலம். அந்தப் பிரிவினை செல்லாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1954-ல். அதே வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரத்தில், நான்கு கறுப்பு மாணவர்கள் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய உணவு மேடையில் போய் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தது 1960 பிப்ரவரி முதல் தேதி. லாண்டனும் ஜேமியும் மாலை மாற்றிக்கொண்ட பதினோராவது மாதம் அது! இந்த விஷயம் நாவலின் பேசுபொருளாகவே இல்லை. கடந்த காலத்தை ஏங்கி நினைக்கிறவர்களுக்கு அதில் தங்கள் வீட்டுத் தெரு மட்டுந்தான் ஞாபகம் இருக்கும் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம்; ஆனால் ஐம்பத்தேழு வயதுக் கிழவர், நாற்பது வருஷத்துச் சரித்திரத்தையும் பார்த்தவர், ஒரு வரியாவது திரும்பிப் பார்த்திருக்கலாம் என்பது என் மனக்குறை.

விவாகத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? 1959 மார்ச் 12-ஆம் தேதி, ஹெக்பர்ட்டின் தேவாலயத்தில் அது நடக்கிறது. அதற்கு முன்பே, நெடுங்காலமாகப் பேச்சற்றிருந்த தகப்பனாரிடம் மகன் போய் உதவி கேட்டு, அவருடைய செல்வத்தாலும் செல்வாக்காலும் ஜேமி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தன் வீட்டிலேயே சிகிச்சை பெற ஏற்பாடாகிறது. சக்கர நாற்காலியில் வந்த பெண், வாசலில் எழுந்து, தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு பீடம் வரையில் நடந்தே வருகிறாள். புத்தகத்தின் தலைப்பிலுள்ள நடை இதுதான். அவள் இறந்தாள் என்று ஒரு வார்த்தையும் நாவலில் கிடையாது. நாற்பது வருஷத்துக்குப் பிறகும் மோதிரத்தைக் கழற்றாத லாண்டன், அற்புதங்கள் நிகழும் என்று தாம் நம்புவதாக மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். பிழைத்தாள் என்று கொள்வாரும் உண்டு, இல்லை என்று கொள்வாரும் உண்டு.

தம் தங்கையை நினைத்தே ஜேமியைப் படைத்ததாக ஸ்பார்க்ஸ் சொல்லியிருக்கிறார். அந்தத் தங்கைக்கு மூளையில் கட்டி. நோய் தெரிந்தே ஒருவர் அவரை மணந்துகொண்டார். புத்தகம் வெளிவந்தபோது தங்கை உயிரோடு இருந்தார். அடுத்த வருஷம், 2000-ல், முப்பத்து மூன்று வயதில் காலமானார். அந்த நிலையில் கதையின் கடைசிப் பக்கத்தில் மரணத்தை எழுத ஒரு தமையனின் கை எழும்பாதது எனக்கு இயற்கையாகவே படுகிறது. கலையின் பெயரால் அதைக் குறை சொல்லுகிறவர்களோடு வாதாட நான் தயாராக இல்லை.

2002-ல் வந்த சினிமாவில் இந்தத் தயக்கமெல்லாம் இல்லை. ஆடம் ஷாங்க்மன் இயக்கி, மேண்டி மூரும் ஷேன் வெஸ்டும் நடித்த அந்தப் படத்தில் பெண் இறந்துவிடுகிறாள். பையன் மருத்துவப் படிப்புக்குப் போகிறான். படம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மேண்டி மூர் பாடவும் செய்கிறார். ஆனால் கதையை 1958-லிருந்து பிடுங்கித் தற்காலத்தில் நட்டுவிட்டார்கள். நட்டதும் இரண்டு வேர்கள் அறுந்தன. ஒன்று, நினைத்துப் பார்க்கிற கிழவர் காணாமற் போனார். அவரோடு சிரிப்பும் போயிற்று, வேர்க்கடலையும் போயிற்று. மற்றொன்று, மருந்துகள் பெருகிவிட்ட காலத்தில் அந்தப் பெண் ஏன் சாக வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. சிகிச்சைக்கு உடம்பு இணங்கவில்லை என்று ஒரே வசனத்தில் சொல்லிக் கடந்துவிட்டார்கள். அப்படியும் நடக்கத்தான் நடக்கிறது. ஆனால் காலமே எமனாக நின்ற நாவலின் பலம் அந்த வசனத்துக்கு இல்லை.

இதை மகத்தான நாவல் என்று நான் சிபாரிசு செய்யவில்லை. நடை எளிது, சில இடங்களில் மிக எளிது. பக்கங்கள் இருநூற்றுச் சொச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதும். வீட்டில் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையில் தாராளமாகக் கொடுக்கலாம். பிற்பாதிக்காக ஆவலோடு ஓடாமல் முற்பாதியை நிதானமாகப் படியுங்கள். படத்தை முதலில் பார்த்துவிட்டவர்கள், அது சற்று மறக்கிற வரையில் பொறுத்திருந்து, பிறகு புத்தகத்தை எடுப்பது நல்லது.